நல்ல தண்ணி

டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். கதவா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன், யாரைக் கேட்டேனோ, தொட்டிலில் தூங்குகிற நோயலாவையும் அடுக்களை மேடைமேல் சுற்றிக்கொண்டிருக்கிற, வெள்ளி நகை மெருகேற்றுகிற உருட்டு மிஷினையும் விட்டால் இந்த வீட்டில் பதில் சொல்ல ஆள் கிடையாது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது, பால்காரர் வீட்டு நாய் ஒரு பாட்டம் குரைத்து ஓய்ந்தது, அதற்குப் பிறகுதான் இது. மிஷினுடைய சத்தம் எனக்குப் பழக்கம், சளசள சளசளவென்று, நாலைந்து பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து செபமாலை முணுமுணுக்கிற மாதிரி, அதைக் கேட்டால்தான் இப்போதெல்லாம் பிள்ளையே தூங்குகிறாள். இந்த டக் அந்த முணுமுணுப்புக்கு வெளியே இருக்கிறது. யாரோ கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, உள்ளே அசைவு இருக்கிறதா என்று காத்திருந்து, மறுபடி தள்ளுகிற மாதிரி. நாற்காலியைப் பார்த்தேன். கதவோடு ஒட்டித்தான் போட்டிருக்கிறேன், அதன்மேல் அரிசி டின்னையும் வைத்திருக்கிறேன், தள்ளினால் டின் விழும், விழுந்தால் எனக்குக் கேட்கும், கேட்டால் நான் என்ன செய்வேன் என்பதை மட்டும் யோசித்து வைக்கவில்லை. நாற்காலிக்கு மேலே தாழ்ப்பாள். புதுசு. ரெமி கப்பலுக்குப் போகும் முன்னால் வாங்கி மாட்டிவிட்டுப் போனார், மாட்டின நாளிலிருந்து யாரும் அதைத் தள்ளவில்லை. வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இருந்தால் பெண்டாட்டி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுப்பாள், இந்தத் தூத்துக்குடியில் எத்தனையோ பேர் அப்படித்தான் படுக்கிறார்கள். போட்டால் வெளியே நிற்கிற கெட்டவன் உள்ளே வர முடியாது, அது எனக்கும் தெரியும். வெளியே நிற்கிற நல்லவர்களும் வர முடியாது, அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிள்ளைக்குக் கழுத்துகூட நிற்காத நாள் அது. இதே கதவு, பழைய தாழ்ப்பாள், உள்ளே போட்டிருந்தேன். அடுக்களையில் நின்றுகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது, கடுங்காப்பி டம்ளர் கையில் இருந்தது, ஜன்னல் வெளிச்சம் திடீரென்று மஞ்சளாகிப் பிறகு பச்சையாகிப் போனது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது கால்கள். நான் தரையில் கிடக்கிறேன், என்னைச் சுற்றிக் கால்கள், செருப்புப் போட்ட கால்கள், ஐயோ வீட்டுக்குள் செருப்போடு வந்துவிட்டார்களே என்றுதான் முதலில் நினைத்தேன், எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கதவிலிருந்து தாழ்ப்பாள் பிய்ந்து ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு முத்துக்கனி அக்காதான் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு, தட்டிப் பார்த்து, கத்திப் பார்த்து, வெல்டிங் பட்டறை ஆட்களைக் கூப்பிட்டுக் கடப்பாரையால் உடைக்கச் சொன்னது. எவ்வளவு நேரம் அழுதாள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "பாவம், தொண்ட கட்டிப்போச்சு பிள்ளைக்கு" என்று மட்டும் அக்கா சொன்னது. தொண்டை கட்டுகிற அளவுக்கு அழ ஒரு குழந்தைக்கு எவ்வளவு நேரம் ஆகும். துணி துவைக்கும்போது அதை யோசிப்பேன், நகைக்கு வெள்ளிக் கம்பியை நறுக்கும்போது யோசிப்பேன், ஒரு தடவைகூட யோசித்து முடித்ததில்லை. அன்றிலிருந்து எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை, குளிக்கிற அறைக்குக்கூட. ராத்திரி முத்துக்கனி அக்கா வந்து முன்னறையில் பாய் விரித்துப் படுக்கும். இன்றைக்கு அக்கா இல்லை.

டக். இருக்கிறது, அது போகவில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அக்கா தூக்குச்சட்டியோடு வந்து நின்றது. "ஏட்டி, கோவில்பட்டில தங்கச்சி மவளுக்கு வளைகாப்பு, போவலன்னா காலத்துக்கும் சொல்லிக்காட்டுவா. சோறும் நெத்திலிக் கொழம்பும் இருக்கு, சூட்டோட சாப்பிட்டுரு. நேத்து வச்சதே மூடுனபடி கெடந்துச்சு." சாப்பிடுதேன்க்கா என்றேன். "சாப்பிடுதேன் சாப்பிடுதேன்னே ஒட்டடக் கம்பாட்டம் ஆயிட்ட. அந்த மிஷினுக்கு வேளாவேளைக்குத் தண்ணி ஊத்துத, எண்ண விடுத, தொடச்சி வைக்க. ஒனக்கு யாரு விடுவா?" அக்காவுக்கு மிஷின் மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு இளக்காரம். பார்சல் வந்த அன்று என்னட்டி இது என்று கேட்டதற்கு, பெட்டிமேல் இங்கிலீஷில் போட்டிருந்த பெயரை அப்படியே படித்து டம்ளர் என்று சொல்லிவிட்டேன். "ஒரு டம்ளருக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி? தங்கத்துலயா செஞ்சிருக்கான்?" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டது. பிறகு நானே அதை உருட்டு மிஷின் என்று ஆக்கிக்கொண்டேன். ஒரு ரப்பர் டப்பா, அதற்குள் எஃகு மணிகள், கொஞ்சம் தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, நாம் கையால் செய்த வெள்ளி நகை. மூடி, இரண்டு உருளைக் கம்பிகள்மேல் படுக்கப் போட்டால் மோட்டார் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும், மணிகள் நகைமேல் புரண்டு புரண்டு பளபளப்பாக்கிவிடும். அவ்வளவுதான். பெட்டிமேல் போட்டிருந்த படத்தில் பார்த்தால் அவ்வளவுதான்.

துணிப்பெட்டி கட்டிலின்மேல் பாதி திறந்து கிடக்கிறது. நான் கட்ட வேண்டிய பெட்டி. நாளைக்குக் காலையில் ஆன்சிக்குப் புதுநன்மை, ஆன்சி என்றால் ரெமியின் அக்கா தெக்லா மதினியின் மகள், வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக முதல் தடவை நற்கருணை வாங்கப் போகிறாள். மதினி போனில் சொன்னார்கள். "காலைல கார் அனுப்புதேன், பெட்டியையும் கட்டி ஏத்திரு. பூசைக்கு வாரது அப்படியே எங்கூட இருந்துக்கோ, தம்பி வார வரைக்கும். ஒன்ன நம்பிப் பிள்ளையத் தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கம் வரமாட்டேங்கு. அந்தக் கடகட மிஷின் அங்கனயே கெடக்கட்டும், எங்க வீட்ல மனுசங்க தூங்கணும்லா." மதினி கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் மாட்டேன் என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் வீட்டில் எனக்குப் பால் காய்ச்சித் தருவார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டித் தருவார்கள், நான் நடக்கும்போது பின்னால் யாராவது ஒருத்தர் விழுந்துவிடுவேனோ என்று கையை நீட்டிக்கொண்டே வருவார்கள். நோயலா பெரியவளாகி, எங்கம்மாவுக்கு மயக்கம் வரும் என்று யாரிடமோ சொல்வாள். மதினி வீட்டுக்குப் போகமாட்டேன் என்று ரெமியிடம் சொன்னேன். கப்பல் கொழும்பைத் தாண்டுகிற நேரம், பேச்சு விட்டுவிட்டு வந்தது. "ஒரு ராத்திரி, பிரிஸ்கா. முத்துக்கனி அக்கா இல்லாத ராத்திரி. கதவுக்குத் தாழ்ப்பா போட்டு நீயும் பிள்ளையும் தனியாப் படுத்துத் தூங்கிட்டன்னா, காலைல அத எனக்குச் சொல்லு, நான் எங்கக்காட்ட பேசுதேன். முடியலன்னா போயிரு. நானும் நடுக்கடல்ல கொஞ்சம் கண்ண மூடணும்லா?" நாற்காலி போட்டால் போதாதா என்றேன். சிரித்தார். "நாற்காலி, அரிசி டின்னு எல்லாம் கணக்குல சேராது." அரிசி டின்னைப் பற்றி முத்துக்கனி அக்கா சொல்லியிருக்கும். பொய் சொல்லிவிடலாம், கடலுக்கு நடுவில் இருக்கிறவருக்கு என்ன தெரியப்போகிறது. ஆனால் என்னால் முடியாது. கான்வென்ட் விடுதியில் எங்கள் அறைக்கு உள்தாழ்ப்பாளே கிடையாது, குளியலறைக்கும் கிடையாது, வெளியே சிஸ்டர் இஞ்ஞாசியாவின் செருப்புச் சத்தம் வந்து நிற்கும், "ஐ கேன் ஹியர் யூ, பிரிஸ்கா" என்பார்கள், நான் ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றிருந்தால்கூட. பொய் சொல்ல நினைத்தாலே அந்தச் செருப்புச் சத்தம் எனக்கு வந்துவிடும். இப்போதும் வருகிறதோ. டக். இல்லை, சிஸ்டர் காலை இழுத்து நடப்பார்கள், இது வேறு.

மிஷின் இன்றைக்காவது ஒழுங்காகச் சுற்ற வேண்டும். உள்ளே புதுநன்மைக்கு ஆன்சிக்குச் செய்த வெள்ளித் திராட்சைக் குலைப் பதக்கம் இருக்கிறது. வெள்ளிக் கம்பியைத் துணுக்குத் துணுக்காக நறுக்கி ஒவ்வொன்றையும் நெருப்பில் காட்டினால் அது சுருண்டு நடுங்கி உருண்டையாகும், அந்த உருண்டைகளை ஒன்றோடொன்று பற்றவைத்துக் குலையாக்கி, மேலே ஒரு இலை. பற்றவைத்த பிறகு கருத்துப்போய் இருந்தது. வெளிப்பக்கத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம், உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவில் எந்தப் பிரஷ் போகும், அங்கே எஃகு மணிகளில் ஊசி மாதிரி மெல்லிசாக இருப்பவைதான் போக வேண்டும், அதற்குத்தான் இந்த மிஷினை வாங்கினதே. முதல் தடவை மதினிக்குச் செய்த கம்மலைப் போட்டுச் சுற்றவிட்டேன். டப்பாவை வாய்வரைக்கும் நிரப்பியிருந்தேன், அது சுற்றினதே தவிர உள்ளே ஒன்றும் புரளவில்லை, தண்ணீர் ஒழுகி மேசை முழுக்கக் கறுப்பு. கம்மல் சாம்பல் நிறத்தில் வந்தது. மதினி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள். "இது வெள்ளியா ஈயமா? கொழம்புச் சட்டில போட்டு எடுத்தியா?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் பாதி டப்பாவுக்கு மேல் மணி போடக்கூடாது, தண்ணீர் மணிகளுக்குமேல் ஒரு விரல்கணு நின்றால் போதும், மூடியின் விளிம்பில் ஒரு மணலோ சோப்போ இருந்தால் ஒழுகும், துடைத்துவிட்டு மூட வேண்டும், புது ரப்பர் கறுப்பு விடும், வெறும் சோப்புத் தண்ணீரில் ஒருதரம் ஓட்டிக் கொட்ட வேண்டும், இதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். எல்லாம் சரியாகச் செய்தும் சாம்பல்தான். மணிகளைப் பார்த்தால் மேலெல்லாம் காவி படர்ந்திருந்தது. நேற்று வாங்கின மணி, இன்றைக்குத் துரு. என் கை ராசி என்று நினைத்தேன். நான் தொட்டால் எஃகும் துருப்பிடிக்கும், நான் கதவைச் சாத்தினால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். அப்படி நினைப்பதில் ஒரு சுகம்கூட இருக்கிறது, அதற்குமேல் ஒன்றும் தேட வேண்டாம் பாருங்கள்.

போன வாரம் நோயலாவைக் குளிப்பாட்டும்போது தெரிந்தது. போர் தண்ணி பட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும், அதனால் அவளுக்கு மட்டும் நல்ல தண்ணி. நல்ல தண்ணி என்றால் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, குடத்தில் பிடித்து வைத்துக் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் எடுப்போம், அதில் கை கழுவினாலே மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் முறைப்பார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணி, வாயில் வைத்தால் கரிக்கும், பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். அவள் சட்டையின் ஊக்கு ஒன்று அவளுடைய குவளையில் விழுந்து கிடந்தது, இன்னொன்று போர் தண்ணியில் துணி நனைத்த வாளியில் கிடந்தது. மறுநாள் பார்த்தால் குவளையில் கிடந்தது அப்படியே இருக்கிறது, வாளியில் கிடந்தது காவி நிறமாக இருக்கிறது. ஈரக்கையோடு நின்றேன். மிஷினுக்கு நான் ஊற்றிக்கொண்டிருந்தது போர் தண்ணி. யார் நல்ல தண்ணியை எடுத்து ஒரு மிஷினுக்கு ஊற்றுவார்கள், இந்த ஊரில் பிறந்த எவளுக்கும் கை வராது, மிஷின் செய்தவனுக்குத் தண்ணீரில் இரண்டு சாதி உண்டு என்று தெரிந்திருக்காது, அவன் தண்ணீர் என்று மட்டும்தான் எழுதியிருந்தான். கோலா வாங்கி, கேஸ் போகும்வரை திறந்து வைத்து, மணிகளை அதில் ஊறப்போட்டேன். முத்துக்கனி அக்கா எட்டிப் பார்த்து "ஏட்டி, மனுசன் குடிக்கித ஆணிக்கு ஊத்துதியே, அடுத்து பிரியாணி வைப்பியா?" என்றது. துரு கழன்று வந்தது. ஆப்பசோடா போட்டு அலசி, இன்றைக்குச் சாயங்காலம் குடத்து நல்ல தண்ணியைச் சாய்த்து, மாமியார் படத்தைப் பார்க்காமல் மிஷினுக்கு ஊற்றினேன்.

டக். இந்த முறை நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தொட்டில் துணி ஏறி இறங்கியது, சத்தம் கதவுப் பக்கத்திலிருந்து வரவில்லை. அடுக்களையிலிருந்து வந்தது. அப்படியானால் உள்ளேயே வந்துவிட்டானா, பின்பக்க ஜன்னல் வழியாக, அதற்குக் கம்பி இருக்கிறதே, கம்பியை அறுத்தால் சத்தம் வராதா, கால் தன்னால் தொட்டிலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. மாதாவே. வெறும் கையோடு நிற்கிறேன். உள்ளே யாரும் இல்லை. மேடைமேல் டப்பா சுற்றிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன். டப்பா சுற்றிக்கொண்டே மெல்ல மெல்ல ஒருபக்கமாக நகர்ந்து வருகிறது, மூடியை முறுக்குகிற நட்டுக்கு இரண்டு காது உண்டு, அந்தக் காது போய்ச் சட்டத்தில் இடிக்கிறது, டக், இடித்த வேகத்தில் டப்பா கொஞ்சம் பின்வாங்குகிறது, மறுபடியும் நகர்ந்து வருகிறது. ஏன் இன்றைக்கு மட்டும். இன்றைக்கு மட்டும்தான் மேடையில் வைத்தேன், ஒழுகினால் தண்ணீர் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் போகட்டும் என்று. தண்ணீர் தொட்டிக்குப் போவதற்காகத்தான் கொத்தனார் மேடையை ஒருபக்கம் சாய்த்துக் கட்டியிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தம் போடாமல் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அது எதற்கு என்று தெரியவில்லை. பிஸ்கட் அட்டையை மடித்து மிஷினின் சாய்வுப் பக்கத்துக் காலுக்குக் கீழே சொருகினேன். டப்பா நடுவில் நின்றது. சளசள சளசள. செபமாலை முணுமுணுப்பு மட்டும்.

அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். காரணம் இருக்கிறது என்று நினைத்தேன். சத்தத்துக்குக் காரணம் இருந்தது, துருவுக்குக் காரணம் இருந்தது. அப்படியானால் நான் மயங்கி விழுந்த அன்றைக்கு. இந்த இடத்துக்கு வந்தால் என் நினைப்பு எப்போதும் வழுக்கித் தொண்டை கட்டிப்போச்சு என்பதில் போய் இடிக்கும், இடித்துப் பின்வாங்கும், மறுபடி வரும். இன்றைக்குப் பிடித்து நிறுத்தினேன். அன்றைக்கு என்ன நடந்தது. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டது, பிறகு பிள்ளைக்கு வயிற்றுவலி, ராத்திரி முழுக்கத் தோளில் போட்டு நடந்தேன், விடிந்தும் நடந்தேன், வெறும் வயிற்றில் கடுங்காப்பி. பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லியேம்மா, சாப்பிடாமப் பால் குடுத்தா மயங்கத்தானே செய்வ" என்று சொன்னார்கள். சொன்னார்கள், என் காதில் விழுந்தது. வெளியே வந்த பிறகு அதை யாரும் சொல்லவில்லை, பிரிஸ்காவுக்கு மயக்கம் வரும் என்று சொன்னார்கள், நானும் அதையே சொன்னேன். தாழ்ப்பாளைக் குற்றம் சொன்னேன். ஊக்கை வாளியிலிருந்து எடுத்துப் பார்த்த மாதிரி அன்றைய நாளை எடுத்துப் பார்த்தேன். காவியாகத்தான் இருந்தது. ஆனால் எந்தத் தண்ணீரில் கிடந்தது என்று தெரிந்தது.

மிஷினை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் நோயலா புரண்டாள், விழிக்கவில்லை. மூடியைத் திறந்தால் முதலில் நுரை, சாம்பல் நுரை இல்லை, பால் நுரை மாதிரி வெள்ளை. உள்ளே கையை விட எனக்குப் பயமாக இருந்தது. வடிகட்டியில் கொட்டி, மேலே இன்னொரு செம்பு நல்ல தண்ணி, இந்தத் தடவை மாமியார் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன். எஃகு மணிகளுக்கு நடுவில் அது எங்கே என்று தெரியவில்லை, எல்லாமே மின்னியது, விரலால் தடவித்தான் எடுத்தேன். துணியில் ஒற்றி விளக்குக்குக் கீழே திருப்பினேன். உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவிலும் வெளிச்சம் இருந்தது. ஒவ்வொரு திராட்சையிலும் ஒரு விளக்கு, ஒவ்வொரு விளக்குக்குக் கீழேயும் ஒரு குட்டி பிரிஸ்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஈயமா என்று கேளுங்கள் மதினி, கேளுங்கள் பார்ப்போம். மணிகளைத் துடைத்து உலர்த்தி டப்பியில் போட்டேன், இனி துருப்பிடிக்க விடமாட்டேன்.

பிறகு தூக்குச்சட்டியைத் திறந்தேன். சோறு ஆறிவிட்டிருந்தது. நெத்திலிக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, மேடைக்குப் பக்கத்தில் நின்றபடி ஆரம்பித்து, பிறகு தரையில் உட்கார்ந்து, பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். விரலை நக்கினேன், சிஸ்டர் இஞ்ஞாசியா பார்த்திருந்தால் பிரிஸ்கா மேனர்ஸ் என்பார்கள். பயம் போய்விட்டதா என்று உள்ளே தேடினேன். போகவில்லை. வயிற்றில் சோற்றுக்குப் பக்கத்தில் அதுவும் உட்கார்ந்திருந்தது, ஆனால் இடம் கொஞ்சம் ஒதுங்கிக் கொடுத்திருந்தது. கை கழுவி, கட்டிலில் கிடந்த பெட்டியிலிருந்து பிள்ளையின் சட்டைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினேன். பூசைக்குப் போட வேண்டிய ஒரு கவுனை மட்டும் வெளியே வைத்தேன்.

அரிசி டின்னை இறக்கினேன். நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய் மேசைக்குப் பக்கத்தில் அதன் இடத்தில் போட்டேன். கதவு ஒன்றுமில்லாமல் நின்றது. தாழ்ப்பாளைத் தள்ளினால் அசையவில்லை, கடற்காற்று அதன்மேலும் வெள்ளையாகப் பூத்திருந்தது, இத்தனை நாள் தொடாமல் வைத்தால் பூக்கத்தானே செய்யும். மிஷின் கம்பிகளுக்கு விடுகிற தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தேன். துணியால் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, தள்ளினேன். பாதியில் நின்றது. கழுத்துக்குள் பழைய மஞ்சள் வெளிச்சம் ஏறி வந்தது, நின்றேன், கீழே போகும்வரை நின்றேன், வயிற்றில் சோறு கனமாக இருந்தது. இன்னொரு சொட்டு. முன்னும் பின்னுமாக ஆட்டினேன், முன்னும் பின்னும், பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி, கறுப்பாக ஒரு கசண்டு வழிந்து கட்டைவிரலில் பட்டது. தொட்டிலில் நோயலா தூக்கத்தில் ம் என்றாள். ம் என்றேன். கம்பி தன்னால் நகர ஆரம்பித்தது. சத்தம் வரப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன், தாழ்ப்பாள் போட்டிருந்தது.